பலாமரம் விழுந்த வீடு

என் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று பொய்ப்பல். பண்ருட்டியில் கட்டியது. மற்ற பற்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக அமைந்துவிட்டது. நான் சிரித்தால் அது மட்டும் தனியாக ஒரு சிரிப்பு சிரிக்கும். எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேன் என்று ஒருத்தியிடம். மாமியார் சுட்ட முறுக்கைக் கடித்தேன் என்று இன்னொருத்தியிடம். வீட்டுக்காரர் முத்தம் கொடுத்த வேகம் என்று மெயின் பஜார் காய்கறிக்காரம்மாவிடம். சிரிக்க வைத்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் பிழைப்பது இப்படித்தான்.

உண்மையில் அந்தப் பல்லைத் தட்டியவள் என் உயிர்த்தோழி தமயந்தி. பித்தளைச் சொம்பால். அவள் புருஷனின் கருமாதி அன்று, ஊர்சனம் பார்த்துக்கொண்டிருக்க. எனக்கு விழவேண்டிய அடிதான் அது. ஐந்து வருடம் தாமதமாக விழுந்தது, அவ்வளவுதான்.

அவள் புருஷன் பெயர் கார்முகில். மரம் வெட்டும் காண்ட்ராக்ட்டில் கூலிக்குப் போனவன். என்னை 'கிளிக்கா' என்பான். என் பெயர் செல்லக்கிளி. என்னை அப்படிக் கூப்பிடுவது பொருந்தாது என்று கண்ணாடியே சொல்லும். ஆனால் அவன் கூப்பிட்டால் நிஜமாகவே நான் ஒரு கிளி என்று தோன்றிவிடும்.

'தானே' புயல் அடித்து ஓய்ந்த அடுத்த வாரம்தான் அவனை முதலில் பார்த்தோம். எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் முழுக்க மரங்கள் குப்புற விழுந்து கிடந்தன. தமயந்தியின் அப்பா சோமசுந்தரம் மைன்ஸில் பெர்மனன்ட். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர்கள் குவார்ட்டர்ஸ் சமையலறைமேல் ஒரு வேப்பமரம் சாய்ந்திருந்தது. வெட்ட வந்த ஆட்களில் ஒருவன் திடீரென்று ரம்பத்தை நிறுத்திவிட்டான். பொந்துக்குள் அணில் குட்டிகள், கண் திறக்காதவை. ரம்பம் நின்ற சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டான். கார்முகிலின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் அதைத் தோளில் துடைத்துக்கொண்டு, "ரெண்டே நிமிசங்க, எடுத்துர்றேன்" என்றான். தமயந்தி தன் பழைய ஸ்வெட்டரை ஜன்னல் வழியாக நீட்டினாள். அந்த வாரம் டவுன்ஷிப்பில் கடைசியாக விழுந்தது அவள்தான்.

ஏழு மாதம் கழித்து, அவள் வீட்டுக்குத் தெரியாமல் வடலூரில் மாலை மாற்றிக்கொண்டார்கள். பின்னால் நின்று அழுததும் சிரித்ததும் நான் ஒருத்திதான். அவர்களும் வடலூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார்கள். எங்கே என்று வெளியே தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

எனக்குத் தெரியும் என்பது தமயந்தியின் அண்ணன் அசோக்குமாருக்குத் தெரியும். மெயின் பஜாரில் எனக்கு ஒரு தையல் கடை, நான் நின்றால் மெஷின் உட்காரவேண்டும், அவ்வளவு இடம். முதல் தடவை வந்தபோது மெஷினை எட்டி உதைத்தான். அது என் காலில் விழுந்து ஒரு விரல் நகம் போயிற்று. இரண்டாம் தடவை, கழுத்தில் கிடந்த டேப்பைப் பிடித்து இறுக்கினான். கண்ணுக்குள் பூச்சி பறக்கும்வரை இறுக்கிவிட்டு, "அடுத்த தடவை கேக்க மாட்டேங்க்கா" என்றான். என்னைவிட இளையவன், அக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னான். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை.

மூன்றாம் தடவை இரண்டு பேரோடு வந்தான். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை மேசையிலிருந்து எடுத்து, என் கையைப் பலகைமேல் வைத்து அழுத்தி, ஆள்காட்டி விரலுக்கு இரண்டு பக்கமும் அதன் வாயைத் திறந்து வைத்தான்.

"எங்க இருக்காங்க?"

பயத்தில் எனக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. ஆனால் என் மூளை அந்த நேரத்திலும் தன் வேலையைப் பார்த்தது. நான் ஒரு பொய்யைத் தைத்தேன்.

"இருபத்தோராவது பிளாக்கு. பலாமரம் வுழுந்த வூடு இருக்குதுல்ல, அந்தாளு ரிட்டயர் ஆயிப் போனதுலேந்து காலியா கெடக்குதே. அங்கதான். பூட்ட ஒடச்சி உள்ள பூந்துக்கினாங்க. ஜன்னல்ல பாரு, ஊதாப் பாவாட காயும்."

பாவாடைதான் எனக்குப் பிடித்த இடம். பொய்யில் ஒரு பாவாடை காய்ந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அசோக்குமார் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "சாரிக்கா" என்று சொல்லிப் போனான்.

காலி வீட்டில் மூன்று தடியன்கள் பாவாடையைத் தேடி அலைவதை நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்து ரவிக்கை வாங்க வந்தவளிடம் நடித்துக் காட்டினேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை தைக்க ஆரம்பித்தேன். பாதிக் கை தைத்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை கார்முகில் சொன்னது காதில் விழுந்தது. அன்று சொன்னபோது விழவில்லை. இப்போதுதான் விழுந்தது.

அன்று வடலூரில் அவர்கள் அறையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்: "கிளிக்கா, ரிட்டயர் ஆயிப் போறவங்க ஃபேனக் கூட கழட்டிக்கினு போறாங்க. வளத்த நாய மட்டும் வுட்டுட்டுப் போயிர்றாங்க. அதுங்க கேட்டாண்டயே ஒக்காந்துக்கினு இருக்குதுங்க, வருவாங்க வருவாங்கன்னு."

"பி.எஃப். செட்டில் பண்ணாம போயிருப்பாங்க தம்பி" என்றேன் நான். தமயந்திக்குப் புரையேறியது. அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுத் தொடர்ந்து சொன்னான். நான் என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது இதுதான்: "இருபத்தோராவது பிளாக்கு பலாமரத்து வூட்டுல ஒண்ணு குட்டி போட்டுருக்குது. வேல முடிஞ்சி டெய்லி சோறு வச்சிட்டுதான் வறேன்."

ஊசி என் விரலைத் துளைத்துக்கொண்டு அடிப்பக்கம் போய் நின்றது. கத்தரிக்கோலிலிருந்து காப்பாற்றிய அதே விரல்.

சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோ பிளாக்குக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. ஆளை அடிக்கும் சத்தம் சினிமாவில் வருவதுபோல இருக்காது. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி இருக்கும். நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார்கள். அப்புறம் மறுபடியும்.

நல்ல வெயில். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கார்முகிலின் தலையில் அரிசிச் சாக்கைக் கவிழ்த்துக் கழுத்தில் இறுக்கியிருந்தார்கள். ஒருவன் கையில் பலாக்கிளை. இன்னொருவன் கேட்டிலிருந்து பிடுங்கிய இரும்புக் குழாயை இரண்டு கையாலும் தூக்கி, விறகு பிளப்பதுபோல இறக்கினான். சாக்குக்குள் ஏதோ உடைந்தது. வெள்ளைச் சாக்கு மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டு வந்தது. பக்கத்தில் தூக்குச்சட்டி கவிழ்ந்து சோறு மண்ணில் கிடந்தது.

தாய்நாய் அசோக்குமாரின் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. அவன் அதன் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றிச் சுவரில் அடித்தான். ஒரே தடவைதான். சுவரில் அந்தக் கறை இரண்டு மழைக்காலம் இருந்தது. குட்டிகள் காலடியில் ஓடின. மிதித்தார்கள். வேண்டுமென்றே மிதித்தார்களா, பார்க்காமல் மிதித்தார்களா, தெரியவில்லை.

கையில் கத்தரிக்கோலோடு வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓடிப்போய் குழாய் வைத்திருந்தவன் முதுகில் குத்தினேன். சட்டை நீளமாகக் கிழிந்தது. என் வீரம் துணியோடு நின்றுவிட்டது. அவன் திரும்பி என் வயிற்றில் உதைத்தான். நான் கார்முகில் பக்கத்தில் போய் விழுந்தேன்.

அசோக்குமார் நொண்டிக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தான். மூச்சு வாங்கியது.

"கரெக்டா சொன்னக்கா. தேங்க்ஸ்."

சாக்குக்குள் இருந்த தலை என் பக்கம் திரும்பியது.

தாடை உடைந்திருந்தது. இடது கை இரண்டு இடத்தில். மண்டையில் விரிசல். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. நான் அந்த வழியாக ஆட்டோவில் போனேன், சத்தம் கேட்டு இறங்கினேன் என்று தமயந்தியிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லன்னா அவர் செத்திருப்பாருடி" என்று அழுதாள். அந்த அழுகைக்கு முன்னால் வயிற்றில் வாங்கிய உதை ஒன்றுமே இல்லை.

அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் கார்முகிலின் காலைப் பிடித்தேன். எனக்கு ஒரு ஜோக்கும் வராத ஒரே நாள் அது. அவன் கட்டுப்போட்ட தாடைக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான்.

"நீ காலி வூடுன்னு நெனச்சி சொல்லியிருப்ப. தெரியும் கிளிக்கா."

"நான் அவகிட்ட சொல்லிர்றேன் தம்பி."

"வாணாம். அம்மா வூடு போச்சி, அப்பா இல்ல, அண்ணன் இல்ல. அவளுக்குன்னு இருக்கறது நீ ஒருத்தி. அதையும் புடுங்காத."

நான் தலையாட்டினேன். அவனுக்காக ஆட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

போலீஸிடம் நான் அசோக்குமார் பெயரைச் சொன்னேன். கார்முகிலோ, "தலையில சாக்கு போட்டுட்டாங்க சார், நான் முகம் பாக்கல" என்றான். பொண்டாட்டியின் அண்ணன் ஜெயிலுக்குப் போகவேண்டாமாம். கேஸ் இழுத்து இழுத்து இற்றுப்போயிற்று. அசோக்குமார் எங்கோ வெளிநாடு போனான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கார்முகில்மேல் இன்றைக்கும் கோபம். செத்தவன்மேல் கோபப்பட்டு என்ன பண்ண.

ஆனால் இடம் சொன்னது யார் என்ற கேள்வி தமயந்தியை விடவில்லை. அவளாக ஓர் ஆளைப் பிடித்தாள். இருபத்தோராவது பிளாக் முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த கலியமூர்த்தி. கார்முகில் தினமும் தூக்கோடு போவதைப் பார்க்கிறவர் அவர். அசோக்குமாரின் சட்டைகளைத் தேய்ப்பவரும் அவர். அவளுக்கு அது போதும். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஒரு பேச்சும் பேசாமல் வண்டியை எட்டி உதைத்தாள். இஸ்திரிப்பெட்டி வாய் திறந்து கரித்தணல் அவர் பாதத்தில் கொட்டியது. மனுஷன் ஒற்றைக்காலில் குதித்து அலறினார். தோல் வழன்று தொங்கியது. "நான் சொல்லலம்மா, எம்புள்ள மேல சத்தியமா" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். என் வாய்க்குள் பற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

கார்முகிலும் அவளிடம் சொல்லிப் பார்த்தான். "அவரு இல்ல தமயந்தி, நல்ல மனுசன்." அவள் கேட்டாள்: "உனக்கு எவந்தான் கெட்டவன்?" எல்லோரையும் நல்லவன் என்கிறவனின் சாட்சி எங்கேயும் செல்லாது. அவன் தன் சட்டைகளை ஒளித்து எடுத்துப் போய்க் கலியமூர்த்தியிடமே தேய்த்துக்கொண்டு வந்தான். அவனால் முடிந்தது அது.

மண்டையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு வலிப்பு வந்தது. மாத்திரை, பத்தியம் எல்லாம் இருந்தும் வந்தது. மரம் ஏற முடியாது. நாற்றங்காலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனான். மாலையில் பழையபடி நாய்ச்சோறு. மிதிபட்ட குட்டிகளில் ஒன்று மூன்று காலோடு பிழைத்திருந்தது. அதற்கு 'முக்காலி' என்று பெயர் வைத்தவள் நான். என்னால் முடிந்தது இது.

2017 ஆடியில் வடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸைக் கையில் வாங்கியபோது வலிப்பு வந்து, சிமெண்டு மேடையின் விளிம்பில் பின்மண்டை மோதி விழுந்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் மண்டையில் அந்தக் குழாய் இறங்கிய அதே இடம். எழவில்லை.

பதினாறாம் நாள். வாசலில் பந்தல். தமயந்தி கையில் சொம்போடு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஈரமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்போது கலியமூர்த்தி வந்தார். பாதத்தில் தழும்பு, கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"தம்பி சட்டம்மா. தேய்க்கக் குடுத்தது. எங்கிட்டயே இருந்திச்சி" என்று நீட்டினார்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். சொம்பின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவர் நெற்றியில் இறங்கியது. கிண்ணென்று சத்தம். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. சட்டைமேல் ரத்தம் படாமல் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எடத்த காட்டிக் குடுத்துட்டு சட்டையா கொண்டு வர்ற?" சொம்பு மறுபடி மேலே போனது.

நான் நடுவில் போய் நின்றேன்.

"அவரு இல்லடி. நான்தான் சொன்னேன்."

பந்தலில் ஓர் ஆள் சிரித்தேவிட்டான். பின்னாலிருந்து ஒரு பெண், "இந்தக் கிளிக்கு எந்த நேரத்துல வெளையாடறதுன்னே தெரியாது, இட்டுக்கினு போங்கடி அவள" என்றாள். தமயந்திகூட, "தள்ளுடி, ஜோக்கடிக்கிற நேரமா இது?" என்று என்னைத் தோளால் இடித்தாள்.

அந்த ஒரு கணத்தில் நான் தப்பித்துவிட்டேன். சிரித்தபடி விலகி நின்றிருந்தால் போதும். பின்னால் கலியமூர்த்தியின் ரத்தம் என் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருபத்தோராவது பிளாக்கு. பலாமரம் வுழுந்த வூடு. ஜன்னல்ல ஊதாப் பாவாட காயும்னு சொன்னேன். ஒங்கண்ணன் கத்தரிக்கோல எம்வெரல்ல வச்சான். காலி வூடுன்னு நெனச்சி சொன்னேன். தம்பி டெய்லி அங்க போறத எங்கிட்ட சொல்லியிருந்திச்சி. நான்தான் காதுல வாங்கல. நீயும் அன்னிக்கு இருந்த. பி.எஃப்.புன்னு சொன்னேனே. ஒனக்குப் புரையேறிச்சே."

புரையேறியதுதான் அவளை நம்பவைத்தது. அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் பொருந்துவதைப் பார்த்தேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சொம்பு வந்தது. பல் உடைவது தலைக்குள்ளே கேட்கும், வெளியே கேட்பதைவிடச் சத்தமாக. மல்லாந்து விழுந்தேன். அவள் என்மேல் ஏறி உட்கார்ந்து அடித்தாள். கையால், சொம்பால், கிடைத்ததால். பதினாறு நாளாக வராத அழுகை அப்போது வந்தது, அழுதுகொண்டே அடித்தாள். நான் தடுக்கவில்லை. என்னை வீரமாக நினைத்துவிட வேண்டாம், கை தூக்கமுடியாதபடி அவள் முழங்கால் அதன்மேல் இருந்தது. இழுத்து விலக்கியவர் கலியமூர்த்தி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளைத் தூக்கி நிறுத்தி, "போதும்மா, போதும்மா" என்றார்.

நான் பல்லைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவன் செத்த மறுநாளிலிருந்து நாய்களுக்குச் சோறு வைத்தவள் நான். யாரும் சொல்லவில்லை. உதடு வீங்கியிருந்த நாட்களிலும் போனேன். பலாமரத்து வீட்டில் அப்போது ஏழு நாய்கள். நான் போய்ச் சட்டியை நடுவாசலில் கவிழ்ப்பேன். உடனே யுத்தம். காது கிழியும், ரத்தம் தெறிக்கும். நான் துணி துவைக்கும் கல்மேல் ஏறி நின்று கெட்ட வார்த்தையில் திட்டுவேன். கார்முகில் இருந்தபோது இதுகளா வாலாட்டிக்கொண்டிருந்தன என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று செவலை நாய் முக்காலியின் கழுத்தைக் கவ்விக்கொண்டது. விடவில்லை. துடைப்பத்தால் அடித்தேன், அது திரும்பி என் மணிக்கட்டைக் கிழித்துவிட்டு மறுபடி கழுத்துக்கே போனது. முக்காலியின் கண் சொருகத் தொடங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு பலாக்கட்டை வந்து செவலையின் விலாவில் விழுந்தது. அது ஊளையிட்டுக்கொண்டே பிடியை விட்டு ஓடியது.

தமயந்தி. கையில் அவனுடைய தூக்குச்சட்டி.

என்னைப் பார்க்கவில்லை. தரையில் சிதறியிருந்த சோற்றைப் பார்த்தாள்.

"எப்படிப் போட்ட?"

"கொட்னேன்."

"கொட்டுவியா? அவர் எப்படிப் போடுவாருன்னு உங்கிட்ட சொன்னதே இல்லையா?"

"சொல்லியிருக்கும்," என்றேன். பல் இல்லாத இடத்தில் காற்றுப் போனது. "நான் அப்ப வேற ஏதாச்சும் பேசிக்கினு இருந்திருப்பேன்."

அவள் என்னை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தாள். மறுபடி அடிப்பாள் என்று நினைத்தேன். கட்டை பக்கத்திலேயே கிடந்தது. அவள் தூக்கைத் திறந்தாள்.

"நோஞ்சானுக்கு முதல்ல. தூரமா. பன்னெண்டு எட்டு தள்ளி." முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய் ஒரு கவளம் வைத்தாள். அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்து கிழட்டு நாய்க்கு ஒன்று. மறுபடி பன்னிரண்டு. "முரடனுக்குக் கடைசில. கேட் பக்கத்துல. அவன் அவசரமா தின்னுட்டுத் திரும்பறதுக்குள்ள மத்ததுங்க முடிச்சிடும்." செவலை நொண்டிக்கொண்டு வந்து கேட்டருகே தன் பங்கைத் தின்றது. எந்த நாயும் எந்த நாயையும் பார்க்கவில்லை. வாசலில் நக்கும் சத்தம் மட்டும்.

எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. டவுன்ஷிப் நாய்களுக்கு இப்போதுதான் சரியான குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் என்று. நல்ல ஜோக்தான். நாக்கு நுனிவரை வந்து, ஓட்டையில் இடித்து நின்றது. அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் எங்கே வைக்கவேண்டும், குட்டி போட்டதற்கு எவ்வளவு கூட வைக்கவேண்டும் என்று. கேட்டேன்.

தூக்கை மூடிக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்: "நாளைக்கு நீ அரிசி கொண்டா. நான் தயிர் எடுத்துட்டு வரேன். உங்கூடப் பேசறேன்னு நெனச்சிக்காத."

"இல்ல" என்றேன்.

மணிக்கட்டில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முந்தானை ஓரத்தைப் பல்லால் கிழித்து, என் கையை வெடுக்கென்று இழுத்து, வலிக்கிற மாதிரியே இறுக்கிக் கட்டினாள்.